வெருகின் எயிறும் எம் வீட்டுப் பூசையும்

முல்லை அரும்புக்கு வெருகின் எயிற்றை உவமை கூறுதல் பழம்புலவர் மரபு. வெருகு என்பது காட்டுப் பூனை. வெண்மை, கூர்மை, சிறுமை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த அவ்வுவமையின் நயத்தை ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்கு விரித்துரைத்து வருகின்றேன். ஆயினும், அவ்வெயிறு எதன்பொருட்டு அவ்வாறு கூர்மையாய் அமைந்தது என்பதை ஒரு நாளேனும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணியிருப்பின் எங்கள் வீட்டுப் பூனை இன்று கண்பார்வையோடு இருந்திருக்கும்.

எங்கள் இல்லம் சைவ இல்லம். மூன்று தலைமுறையாக மச்சமாமிசம் அதன் வாயிற்படியைக் கடந்ததில்லை. அவ்வில்லத்திலே ஒரு மாரிக் காலத்து இரவில் வந்து ஒதுங்கிய சாம்பல் நிறக் குட்டிக்குப் 'பூசை' என்று யானே பெயரிட்டேன். வெருகினைப் பூசை என்றலும் மரபென்பது தொல்காப்பிய மரபியலிற் கண்டது. அயலார் அதனை அறியாராதலின், "பூசை எங்கே?" என்று யான் வினவுந்தோறும், "பூசை முடிஞ்சு கனநேரம், ஐயா" என்று சொல்லி நகைப்பர்.

ஒரு நாள் தெருநாயொன்று துரத்தியதிற் பூசையின் பின்னங்கால் முறிந்தது. அன்று தொட்டு அதனை வெளியே விடாது, வீட்டினுள்ளேயே வைத்துப் போற்றினோம். வெளியே திரிந்த காலத்தில் எலி, ஓணான், குருவி என்று அது தானே தேடித் தின்றிருத்தல் வேண்டும். அதனை யாம் அறிந்திலேம். அறிய விரும்பினோமுமல்லேம் என்பதே உண்மை. உள்ளே அடைபட்டபின் பாற்சோறும் பருப்புச் சோறுமே அதன் உணவாயின. முதலில் முகர்ந்துவிட்டு அப்பாற் போயிற்று. பின்னர் பசியினால் உண்டது. யானோ, சைவப் பூனையொன்றை வளர்ப்பதாக வந்தாரிடமெல்லாம் பெருமை பேசினேன். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்திலே, எலிகள் சூழ நின்று ஒரு பூனை தவஞ் செய்கின்றது. அது பொய்த் தவம்; எங்கள் பூனையின் தவமோ மெய்த் தவம் என்று வகுப்பிலே கூறியும் இருக்கின்றேன்.

ஒன்றரை ஆண்டு சென்றது. உடல் மெலிந்தது, மயிர் பொலிவிழந்தது. பட்டப் பகலிலும் கண்மணி இரண்டும் அகன்றே இருந்தன. நாற்காலிக் காலிலே மோதிக்கொண்டு திகைத்து நின்ற அன்றுதான் மிருக வைத்தியரிடம் எடுத்துச் சென்றேன். அவர் சிறு விளக்கொன்றைக் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தார்.

"ஐயா, இதுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

யான் பெருமிதத்தோடு விடை கூறினேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசினாரல்லர்.

பின்னர் அவர் விளக்கியதையும், யான் தேடிப் படித்ததையும் சேர்த்து ஈண்டுக் கூறுகின்றேன். டோரின் என்று ஒரு பொருள் உண்டு. 1827 ஆம் ஆண்டிலே எருதின் பித்தநீரிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகவே அப்பெயர் பிறந்தது. மனிதரும் பெரும்பாலான நாய்களும் இதனைத் தம் உடம்பிலேயே ஆக்கிக்கொள்வர். பூனைக்கோ அவ்வாற்றல் மிகச் சிறிது. உண்ணும் ஊனிலிருந்தே அது பெறுதல் வேண்டும். சோற்றிலும் பருப்பிலும் டோரின் இல்லை. பசுப்பாலில் உள்ளது போதாது. இப்பொருள் குறையின் பூனையின் விழித்திரை சிதையும் என்பது 1975 இலும், இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பது 1987 இலும் அமெரிக்க ஆய்வாளரால் வெளியிடப்பட்டன. தளர்ந்த இதயத்தை உரிய காலத்திற் காக்கலாம். சிதைந்த விழித்திரையோ மீள்வதில்லை.

டோரின் ஒன்று மாத்திரமன்று. கரட்டிலுள்ள மஞ்சட் பொருளை உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றும் ஆற்றலும் பூனைக்கு இல்லை. இனிப்புச் சுவையை உணர்த்தும் மரபணு பூனையினத்திற் செயலற்றுக் கிடக்கின்றது என்பதை 2005 இலே கண்டனர். பொங்கல்தோறும் ஒரு பிடி சர்க்கரைப் பொங்கலை அன்போடு அதன் தட்டில் வைத்தோமே. அது நெய்க்காகவே நக்கியிருக்கின்றது! பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மை அவையடக்கத்திலே கம்பர் உவமித்தார். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாற்சர்க்கரை செரிப்பதில்லை. கவிச்சக்கரவர்த்தியின் பூனைக்கு வயிற்றுப்போக்கு உண்டாகியிருக்கும் என்று சொன்னால் என் ஆசிரியர் என்னை மன்னியார்.

புலால் மறுத்தல் அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கும் யான் இறைச்சி வாங்கச் செல்வதா? இரண்டு இரவு உறங்கவில்லை. ஓருயிரைக் காக்கப் பிறிதோர் உயிரைக் கொல்வித்தல் அறமாகாது என்றது ஒரு மனம். ஓருயிரை வீட்டினுள் அடைத்து, அதற்குரிய உணவை மறுத்துக் கண்ணைப் பறித்தது மட்டும் அறமோ என்றது மற்றொரு மனம். வழக்கு இன்னும் தீரவில்லை. மூன்றாம் நாட் காலையிற் சந்தைக்குப் போனேன்.

கோழிக்கடையில் நின்றவன் என் பழைய மாணாக்கன். "ஐயா, வழி மாறி வந்திட்டியளோ?" என்றான். பூனைக்கு என்றேன். "எல்லாரும் முதல்ல அப்பிடித்தான் சொல்லுறவை" என்று கூறி, இறைச்சியைக் கடதாசியிற் பொதிந்து, அதற்குமேல் ஒரு வாழையிலையையுஞ் சுற்றித் தந்தான். ஆசிரியர் மானத்தைக் காத்தான் போலும்.

அடுக்களையில் இறைச்சியை அனுமதிக்க இயலாது என்று என் இல்லாள் உறுதியாகக் கூறினாள். ஆகவே கிணற்றடிக் கொட்டிலிலே தனிக் கத்தி, தனிப் பலகை, தனிச் சட்டி, பழைய சிறு குளிர்சாதனப் பெட்டியொன்று என அனைத்தும் அமைத்தேன். கைநடுக்கமின்றி முதற்றுண்டை வெட்ட நெடுநேரஞ் சென்றது. பச்சையாகவே வைத்தேன். அதனைப் பூசை உண்டவாற்றை எழுதுதல் எளிதன்று. ஒன்றரை ஆண்டாக எங்களுக்காகப் பொறுத்திருந்த ஓருயிர் என்பது அன்றுதான் புலனாயிற்று.

தனித்தசை மாத்திரம் கொடுத்தலும் பிழையே. எலியைத் தின்னும் பூனை அதன் எலும்பு, ஈரல், இதயம் அனைத்தையுமே தின்கின்றது. தசையிலே பொஸ்பரசு மிகுதி, கல்சியம் மிகக் குறைவு. தசையையே உண்டு வரின் உடல் தன் எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கும். எலும்பு நொய்ந்து முறியும். இதற்கு முட்டையோட்டுத் தூள் உதவும். முட்டையோடும் எங்கள் வீட்டிற் கிடையாதாகலின், சந்தித் தேநீர்க்கடையில் வாங்கி, கழுவி அவித்து உலர்த்தி மாவாக இடிப்பேன். ஈரலைப் பூசை மிக விரும்பிற்று. இரங்கி அளவை மிகுத்தேன், வைத்தியர் கடிந்தார். ஈரலை நெடுநாள் மிகையாக உண்ணும் பூனைக்கு உயிர்ச்சத்து ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். எங்களூரிற் பலரும் கொடுக்கும் பச்சை மீனும் நாடோறும் ஆகாது. சாளை, நெத்தலி இனத்து மீன்கள் சிலவற்றிலே உயிர்ச்சத்து பி1 ஐ அழிக்கும் பொருள் உண்டு; சமைத்தால் அது கெடும். வெங்காயமும் உள்ளியும் பூனைக்கு நஞ்சு. அவித்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும்.

என் அளவு இது: தோல் நீக்கிய கோழித் தொடையிறைச்சி 750 கிராம், இதயம் 200 கிராம், ஈரல் 50 கிராம், முட்டையோட்டுத் தூள் 5 கிராம், டோரின் தூள் 2 கிராம். மீனெண்ணெய், உயிர்ச்சத்து ஈ, பி வகை, அயடீன் உப்பு ஆகியவற்றை வைத்தியர் எழுதித் தந்தவாறு சேர்ப்பேன். மூன்றரைக் கிலோ நிறையுள்ள பூசைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் போதும். உறைந்த பங்கை முதனாளிரவே கீழ்த்தட்டிற்கு மாற்றி, மறுநாட் காலையிற் கிண்ணத்தோடு இளவெந்நீரில் வைத்து எடுப்பேன். குளிர்ந்த உணவைப் பூசை திரும்பியும் பாராது. அப்போது பிடித்த எலியின் உடற்சூடு வேண்டும் அதற்கு.

பச்சையாகத்தான் கொடுத்தல் வேண்டுமா என்பதே எஞ்சிய வினா. பச்சையை வற்புறுத்துவோர் கலிபோர்ணியாவிலிருந்த பொட்டெஞ்சர் என்ற மருத்துவரைச் சான்று காட்டுவர். 1932 முதல் 1942 வரை, ஏறக்குறைய 900 பூனைகளை வைத்து அவர் ஆராய்ந்தார். சமைத்த இறைச்சி உண்ட பூனைகள் தலைமுறைதோறும் நலிந்தன. யானும் தொடக்கத்தில் அதனையே வேதமாகக் கொண்டேன். ஆனால், பூனைக்கு டோரின் இன்றியமையாதது என்பது அவர் காலத்தில் எவர்க்குந் தெரியாது. டோரின் நீரிற் கரைவது. இறைச்சியை அவித்து நீரைக் கொட்டினால் அதுவும் உடன் போகும். அந்நீரைக் கொட்டாது கலந்து, ஆறியபின் டோரினும் சேர்த்தால் அக்குறை தீரும்.

வைத்தியர் பச்சை இறைச்சியைத் தொடக்கம் முதலே விரும்பினாரல்லர். அதிலே சல்மனெல்லா முதலிய கிருமிகள் இருத்தல் கூடும். உறைவித்தல் அவற்றைக் கொல்லாது. 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றதை நினைவுகூர்வார், எம்மூர்க் குளிர்சாதனப் பெட்டியை எத்துணை நம்பலாம் என்பதைத் தாமே அறிவர். 2024 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலே, பறவைக் காய்ச்சற் கிருமி கலந்த பச்சை உணவை உண்டு வீட்டுப் பூனையொன்று இறந்தது. இவற்றையெல்லாங் கேட்டும் யான் மாறவில்லை. பூசை பச்சையை உண்ணும் ஆர்வத்தைக் கண்டு மயங்கியிருந்தேன்.

மாற்றியவள் என் மகள். தலைப்பிள்ளைப் பேற்றுக்காக ஏழாம் மாதத்தில் வீட்டுக்கு வந்தாள். பச்சை இறைச்சியிலிருந்து பூனைக்கும், பூனையின் மலத்தினூடாகக் கருவுற்ற பெண்ணுக்கும் தொற்றக்கூடிய டொக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் வயிற்றுச் சிசுவின் கண்ணையும் மூளையையும் தாக்க வல்லது என்று வைத்தியர் சொன்னார். கண் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வீட்டுக்கு நடந்தேன். அன்று முதல் சிறிது நீரில் இறைச்சியை நன்கு அவித்து, அந்நீரோடு கலந்தே வைக்கின்றேன். மணற்பெட்டியை யானே நாடோறும் துப்புரவாக்குகின்றேன். பூசை இரண்டு நாள் பிணங்கிற்று. மூன்றாம் நாள் உண்டது. பேரன் நலமாகப் பிறந்தான். பச்சைக்கு மீண்டும் திரும்பவில்லை.

பார்வை வரவில்லை. உடல் தேறி, மயிர் மினுங்குகின்றது. கொட்டிலிலே கத்தி பலகையிற் படும் ஓசை கேட்டதும், சுவரோரமாக நடந்து, படி மூன்றையும் எண்ணி இறங்குவது போல இறங்கி வந்து என் காலடியில் அமரும். சென்ற கந்தசட்டிக்கு யான் ஆறு நாளும் உபவாசம் இருந்து கோயிலிலேயே தங்கினேன். இறைச்சியைத் தீண்டேன் என்றிருந்த என் இல்லாள், அவ்வாறு நாளும் நீராடுமுன் கொட்டிலுக்குச் சென்று, கிண்ணத்தை வெந்நீரில் வைத்து, விரலால் சூடு பார்த்துப் பூசைக்கு வைத்திருக்கின்றாள். இதனை எனக்குச் சொன்னவள் மகள்.