எலுமிச்சை டார்ட்

விருந்தின் முடிவில் இனிப்பு வேண்டுமென்பது எல்லா நாட்டாருக்கும் உள்ள ஆசை. பிரெஞ்சுக்காரர்களோ அந்த இடத்தில் நாக்கைச் சுரீரெனத் தீண்டும் புளிப்பை வைத்து, அதையும் ரஸித்து உண்கிறார்கள். எலுமிச்சை டார்ட் என்னும் அந்தப் பண்டத்தைப் பற்றி நேயர்களுக்குச் சிறிது சொல்ல விரும்புகிறோம்.

மைதா, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றைப் பிசைந்து வட்டத் தட்டில் பரப்புகிறார்கள். மாவு உப்பாமலிருக்க அதன்மேல் காகிதமிட்டு, காய்ந்த பயறைக் கொட்டிச் சுடுகிறார்கள். (பயறு பாரத்துக்குத்தான், தின்பதற்கன்று!) பிறகு எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, முட்டை, வெண்ணெய் சேர்ந்த குழம்பை அதில் நிரப்ப வேண்டும். கைத்திறன் இங்கேதான் தெரியும். தீ மிஞ்சினால் முட்டை திரிந்துவிடும். குறைந்தால் குழம்பு இறுகாது. முட்டை உண்ணாத குடும்பத்தார் நம்மை மன்னிப்பார்களாக. மணம் தருவது சாறு அன்று, துருவிய மஞ்சள் தோலில் உள்ள எண்ணெய். அதன் கீழுள்ள வெள்ளைப் பகுதி சேர்ந்தாலோ ஒரே கசப்பு!

இதற்குப் பேர்போன பழம் மாந்தோன் என்ற ஊரில் விளைகிறது. இத்தாலிய எல்லையை ஒட்டிய கடற்கரை ஊர் அது. பின்னாலுள்ள மலைகள் குளிர்காற்றைத் தடுக்கின்றன. ஏதேன் தோட்டத்திலிருந்து ஏவாள் கொணர்ந்த பழத்தை அங்கே நட்டாள் என்பது ஊரார் கதை. விஞ்ஞானிகள் சொல்வது வேறு: எலுமிச்சை, கடாரங்காய்க்கு உறவான சிட்ரனும் புளிப்பு நாரத்தையும் கலந்து பிறந்தது, அந்தச் சிட்ரனின் பூர்விகம் நமது இமயமலை அடிவாரம். ஏவாள் வந்த வழி இதுதானோ என்னவோ!

1934 முதல் அங்கே எலுமிச்சை விழா நடந்து வருகிறது. பழங்களாலேயே பெரிய உருவங்கள் கட்டி வீதியில் நிறுத்துவார்கள். ஆனால் அப்பழங்கள் பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து வருபவை! 1956-ஆம் வருஷத்துக் கடும் பனியும், மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் ஒருவகைப் பூஞ்சை நோயும் தோட்டங்களை அழித்தன. பல தோட்டங்கள் வீடுகளாக மாறின. எஞ்சிய மரங்களைப் பேணி, புதியன நட்டு, சிலர் விடாப்பிடியாக உழைத்தார்கள். 2015-இல் 'மாந்தோன் எலுமிச்சை' என்ற பெயருக்கு ஐரோப்பியச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அப்பெயரில் விற்கும் பழத்துக்குப் பறித்தபின் மெழுகோ மருந்தோ பூசலாகாது. தோலைத் துருவி டார்ட்டில் இடுகிறவர்களுக்கு அந்த விதியின் அருமை நன்கு விளங்கும்.