கங்கை பாலம் கடந்ததா?

சென்ற வாரம் பேத்தியின் ஆங்கிலக் கட்டுரை நோட்டைப் புரட்டினேன். 'கிராஸிங் த ஹௌரா பிரிட்ஜ், த கங்கா லுக்ட் பியூட்டிஃபுல்' என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. "இதில் என்ன தப்பு, தாத்தா?" என்றாள்.

"பாலத்தைக் கடந்தது யார்?"

"நான்தான்."

"வாக்கியத்தில் நீ எங்கே இருக்கிறாய்?"

தேடினாள், இல்லை. எழுதியபடி பார்த்தால் கங்கைதான் ஹௌரா பாலத்தின் மேல் நடந்து போயிருக்கிறாள்!

இதை ஆங்கிலத்தில் 'டாங்லிங் மாடிஃபையர்' என்பார்கள். பற்றிக்கொள்ள ஆளில்லாமல் தொங்கும் தொடர். முதல் தொடரின் செயலுக்கு உரியவரே காற்புள்ளிக்குப் பின் எழுவாயாக வரவேண்டும்.

நம் வினையெச்சத்துக்கும் இந்த விதி உண்டு. 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்கிறது தொல்காப்பியம். 'வந்து உண்டான்' என்றால் வந்தவனும் உண்டவனும் ஒருவனே. நம் குழந்தைகள் தெருவில் பேசும் 'பாரி கியே பாத் காபோ'வும் அப்படித்தான். ஆனால் 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்றும் சொல்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது குளம். 'பெய்ய' என்பதே 'பெய்து' எனத் திரிந்தது என்று இலக்கணம் இடம் கொடுத்துவிடுகிறது. 'கடக்கும்போது கங்கை அழகாக இருந்தது' என்றாலோ தமிழில் பிழையே இல்லை. பேத்தி அதைத்தான் ஆங்கிலத்தில் எழுதிவிட்டாள்.

நானும் இதில் அடிபட்டவன். 1968-ல் இங்கே ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று தந்தி வந்தது. பதற்றத்தில், 'பீயிங் சீரியஸ்லி இல் அட் கும்பகோணம், ஐ ரிக்வெஸ்ட் லீவ் டு சீ மை மதர்' என்று தட்டச்சு செய்து நீட்டினேன். மேனேஜர் படித்துவிட்டு, "கும்பகோணத்தில் படுத்திருப்பது நீ என்றால் இங்கே நிற்பது யார்?" என்று சிரித்தார். திருத்திக் கொண்டுவரச் சொல்லி வேறு வேலையில் மூழ்கிவிட்டார். கையெழுத்து வாங்குவதற்குள் அன்றைய மெட்ராஸ் மெயில் போய்விட்டது. ஒரு நாள் பிந்தித்தான் ஊர் சேர்ந்தேன். நல்லவேளை, அம்மா பிழைத்துக்கொண்டாள்.

திருத்த வழி இரண்டு. ஒன்று, முதல் தொடருக்கே எழுவாய் கொடுப்பது: 'ஆஸ் மை மதர் இஸ் சீரியஸ்லி இல்...'. மற்றது, உரியவரைக் காற்புள்ளிக்குப் பின் நிறுத்துவது: 'கிராஸிங் த ஹௌரா பிரிட்ஜ், ஐ சா த கங்கா'. 'கன்சிடரிங்', 'ஜெனரலி ஸ்பீக்கிங்' போன்ற சிலவற்றுக்கு மட்டும் வழக்கால் விலக்கு உண்டு.

பேத்தி இப்போது பிழை வேட்டையில் இருக்கிறாள். நேற்று ஒரு பழைய பிக்னிக் சுற்றறிக்கையில், 'ஆஃப்டர் ஈட்டிங் லஞ்ச், த பஸ் வில் லீவ்' என்றிருப்பதைக் கண்டுபிடித்தாள். பஸ் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புமாம். அதைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.