விரைவு உணவு என்பது யாது?

விரைவு உணவு என்றதும், பொரித்த கோழியும் ரொட்டியும் விற்கும் குளிரூட்டிய கடைகளே பலருடைய நினைவுக்கு வருகின்றன. நம் நாட்டில் அவ்வகைக் கடைகளுள் முதலாவதை ஏ அண்ட் டபிள்யூ நிறுவனம் 1963ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் திறந்தது. ஆயினும், அதற்கு நெடுங்காலம் முன்பே பினாங்குத் துறைமுகத் தொழிலாளர்கள் விரைவு உணவை உண்டு வந்தனர். அதுவே நாசி கண்டார்.

மலாய் மொழியில் 'நாசி' என்பது சோறு. 'கண்டார்' என்பது தோளில் வைத்துச் சுமை தூக்கும் கம்பைக் குறிக்கும். பால் வாளிகளைச் சுமக்கும் காண்டாக் கம்பை நம் தோட்டங்களில் அறியாதார் யார்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அத்தகைய கம்பின் ஒருபுறம் சோற்றையும் மறுபுறம் குழம்பு வகைகளையும் தொங்கவிட்டு, துறைமுகத்தைச் சுற்றி விற்று வந்தனர். 1907இல் தொடங்கப்பெற்ற ஹமீதியா உணவகம் கேம்பல் தெருவில் இன்றும் இயங்கி வருகின்றது.

மூட்டை சுமப்போருக்கு உணவுக்காகக் காத்திருக்க நேரமில்லை. எனவே, கேட்டவுடன் சோறும் குழம்பும் கைக்கு வந்தன. ஆனால், அக்குழம்பு அடுப்பில் பக்குவமாவதற்குப் பல மணி நேரம் ஆகியிருக்கும். ஆகவே, 'விரைவு' என்னும் சொல் பரிமாறும் வேகத்தையே குறிக்கின்றது. சமைக்கும் வேகத்தை அன்று.

விரைவு உணவு யாவும் சத்தற்றது என்று கருதுவதும் தவறு. பழமையானதாதலால் அதனை அளவின்றி உண்ணலாம் என்பதும் தவறு. எல்லாக் குழம்பையும் சோற்றின்மீது வெள்ளமென ஊற்றச் சொல்வதை 'பாஞ்சிர்' என்பர். சுவை மிகும், அதனுடன் எண்ணெயும் உப்பும் மிகும். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களுள் ஏறத்தாழ அறுவரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. நோயின் அறிகுறி தெரியாமலே வாழ்வோரும் அவர்களுள் பலர்.

ஆதலால், அடுத்த முறை பட்டணம் செல்லும்போது நாசி கண்டாரை மகிழ்ந்து உண்ணுங்கள். சோற்றைச் சற்றுக் குறைத்து, வெண்டைக்காயோ முட்டைக்கோசோ கூடுதலாகக் கேளுங்கள். குழம்பு ஒன்றிரண்டு போதும். இனிப்புப் பானத்திற்கு மாறாகத் தண்ணீர் அருந்துங்கள். தட்டு நிறையுமுன் விலையையும் கேட்டறிந்துகொள்ளுங்கள். உணவு விரைவில் வரட்டும். தேர்ந்தெடுப்பதில் மட்டும் விரைவு வேண்டா.