பிள்ளையைக் கால்பந்து அகாடமியில் சேர்க்கும் முன்: பில்பாவோ கிளப்பின் கணக்கு

மைதானத்தில் கொஞ்சம் நன்றாகப் பந்து ஆடும் பிள்ளை வீட்டில் இருந்தால் போதும், விடுமுறை தொடங்கும் முன்பே யாராவது ஒரு படிவத்தோடு வந்துவிடுகிறார்கள். ‘அகாடமி’ என்கிறார்கள். ஆண்டுக் கட்டணம் இவ்வளவு, சீருடைக்கும் பூட்ஸுக்கும் இவ்வளவு, திறமை தெரிந்தால் வெளிநாட்டுக் கிளப்பின் தேர்வுக்கு அனுப்புவோம் என்கிறார்கள். பிள்ளைக்கு அன்று இரவு தூக்கம் வராது. உம்மாவுக்குப் படிப்பைப் பற்றிய கவலை. வாப்பாவுக்குப் பணத்தைப் பற்றிய கவலை. வந்த வாய்ப்பைத் தட்டிவிட்டீர்கள் என்று பிள்ளை நாளை சொல்லிவிடுவானோ என்ற கவலையும் கூட.

இதில் எது பயிற்சி, எது வியாபாரம் என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால், ஒரு நல்ல கிளப் தன்னிடம் வரும் பிள்ளைகளை வைத்து என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நாம் எடுத்துக்கொள்வது ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பில்பாவோ நகரில் உள்ள அத்லெடிக் கிளப். ரியல் மாட்ரிட், பார்சிலோனா சட்டைகளை நம் தெருவிலேயே பார்க்கிறோம். இந்தக் கிளப்பின் சட்டையைப் பார்ப்பது அரிது. ஆனால் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இரண்டையும்விட இதில்தான் அதிகம் என்பது நம் கருத்து. காரணம் எளிது: பெரிய கிளப்புகளுக்கு ஒரு பிள்ளை சரியாக வரவில்லை என்றால் வேறொருவரை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பில்பாவோவால் அப்படி வாங்க முடியாது.

இரும்புச் சுரங்கமும் கப்பல் கட்டும் தளமும் இருந்த நகரம் அது. அங்கே வந்து போன ஆங்கிலேயர்கள் வழியாகக் கால்பந்து பரவியது. கிளப் தன் தொடக்க ஆண்டாகச் சொல்வது 1898. ஏறக்குறைய 1912 முதல் அது ஒரு வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறது: பாஸ்க் மக்களின் நிலப்பகுதியில் பிறந்தவர்களும், அங்குள்ள கிளப்புகளில் ஆட்டம் கற்று வளர்ந்தவர்களும்தான் அணியில் ஆடலாம். ஸ்பெயினில் நான்கு, பிரான்சில் மூன்று என ஏழு வட்டாரங்கள். மொத்தம் சுமார் 30 லட்சம் மக்கள். கிளப்பின் சட்ட விதிகளில் இது எழுதப்படவில்லை. ஆனாலும் நூறாண்டுக்கு மேலாக நிற்கிறது. இவ்வளவு சிறிய இடத்திலிருந்து ஆட்களை எடுத்துக்கொண்டு, 1929இல் ஸ்பெயின் லீக் தொடங்கிய நாள் முதல் ஒருமுறைகூட இரண்டாம் பிரிவுக்கு இறங்காமல் இருக்கிறது. அப்படி இறங்காத மற்ற இரண்டு கிளப்புகள் ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும்தான். லீக் பட்டம் எட்டு முறை வென்றது. கடைசியாக 2024 ஏப்ரலில், மயோர்கா அணியைப் பெனால்டியில் வென்று ஸ்பெயின் மன்னர் கோப்பையைத் தூக்கியது. அந்தக் கோப்பை அவர்கள் கைக்கு வந்து அப்போது 40 ஆண்டு ஆகியிருந்தது.

கிளப்பின் சொந்தக்காரர் யார் என்பதும் முக்கியம். ஒரு முதலாளியோ கம்பெனியோ இல்லை. சந்தா கட்டும் 40,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள்தான் உரிமையாளர்கள். தலைவரை அவர்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பொதுப்பணத்தில் நடக்கும் அமைப்புகளை அறிந்த நமக்கு இதன் அருமையும் தெரியும், தொல்லையும் தெரியும்.

லெசாமாவில் நடப்பது

பில்பாவோவை அடுத்த லெசாமா என்ற கிராமத்தில் 1971 முதல் கிளப்பின் பயிற்சித் தளம் இருக்கிறது. சான் மாமேஸ் என்ற அவர்களுடைய பழைய மைதானத்தை இடித்தபோது, அதன் இரும்பு வளைவை எடுத்து வந்து இங்கேதான் நிறுத்தினார்கள். பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளும் முதல் அணி வீரர்களும் பயிற்சி எடுப்பது இந்த ஒரே இடத்தில்தான்.

சின்ன வயதில் சேர்பவர்கள் பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள். வீட்டில் இருந்து, பள்ளிக்குப் போய், மாலையில் பயிற்சிக்கு வருகிறார்கள். வயதுக்கேற்ப அணிகள் உண்டு. 18 வயதைத் தாண்டினால் பாஸ்கோனியா என்ற இணை கிளப், அதற்கு மேலே பில்பாவோ அத்லெடிக் என்ற இரண்டாம் அணி, அதற்கும் மேலே முதல் அணி. இந்தக் கீழ் அணிகள் வெறும் பயிற்சி ஆட்டத்தோடு நிற்பதில்லை. ஸ்பெயின் லீக்கின் கீழ்ப் பிரிவுகளில், வளர்ந்த ஆண்கள் ஆடும் அணிகளோடு மோதுகின்றன. 19 வயதுப் பையன் 30 வயதுக்காரரிடம் இடி வாங்கித்தான் தேறுகிறான். பெண்களுக்கு 2002இல் அணி தொடங்கினார்கள். அது இதுவரை ஐந்து முறை லீக் பட்டம் வென்றிருக்கிறது.

இங்கே பெற்றோர் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் யார் தொடர்வார், யார் போவார் என்று முடிவாகும். சேரும் பிள்ளைகளில் மிகச் சிலரே முதல் அணி வரை போகிறார்கள். உலகில் எந்த அகாடமியிலும் இதுதான் நிலை; வேறு மாதிரி சொல்பவர் பொய் சொல்கிறார். ஆகவே ஓர் அகாடமியை எடைபோட, அது உருவாக்கிய நட்சத்திரங்களின் படங்களைச் சுவரில் பார்த்துப் பயனில்லை. நட்சத்திரம் ஆகாத பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டும்.

பில்பாவோவில் இதற்கு ஓரளவு விடை இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு கிளப்புகளோடு அது ஒப்பந்தம் வைத்திருக்கிறது. பிள்ளைகள் அங்கிருந்துதான் வருகிறார்கள். லெசாமாவில் இடம் போனால் அங்கேயே திரும்பி ஆடலாம். இதைக் கருணை என்று நாம் எண்ணிக்கொள்ள வேண்டாம், கணக்குதான். 30 லட்சம் பேருக்குள் ஆள் தேட வேண்டியவர்கள் ஒருவனை ஒரேயடியாகக் கைகழுவ முடியாது. 17 வயதில் சரிப்படாதவன் 25 வயதில் தேவைப்படலாம்.

அரிட்ஸ் அதூரிஸின் கதை அப்படித்தான். முதல் அணியில் சில ஆட்டங்கள் மட்டும் ஆடிவிட்டு 2003இல் வெளியே போனார். கீழ்ப் பிரிவில் ஆடினார். பிறகு திரும்ப அழைத்தார்கள். 2008இல் விற்றார்கள். 2012இல், 31 வயதில், மூன்றாம் முறையாக வந்தார். பெரும்பாலான வீரர்கள் ஓய்வை எண்ணத் தொடங்கும் வயதில்தான் அவருடைய நல்ல காலம் ஆரம்பித்தது. 2016 நவம்பரில், 35 வயதில், ஐரோப்பா லீக் ஆட்டம் ஒன்றில் பெல்ஜியத்தின் ஹெங்க் அணிக்கு எதிராக ஐந்து கோல் அடித்தார்.

இந்த வழக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. பக்கத்துக் கிளப்புகள் வளர்த்த பையன்களைப் பணம் கொடுத்து இழுக்கிறார்கள் என்ற மனக்கசப்பு அந்த வட்டாரத்தில் நெடுநாளாக இருக்கிறது. ‘நம்மவர்’ என்ற சொல்லுக்குள் யார் அடங்குவார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கருப்பின வீரர் ஒருவர் முதன்முதலாக அந்த அணியில் ஆடியது 2011இல்தான்: ஜோனாஸ் ரமால்யோ, அங்கோலா தந்தைக்கும் பாஸ்க் தாய்க்கும் பிறந்தவர். 2015இல் முதன்முதலாகக் கோல் அடித்த கருப்பின வீரர் இனாக்கி வில்லியம்ஸ்.

இனாக்கியின் பெற்றோர் கானா நாட்டினர். சஹாரா பாலைவனத்தைக் கடந்து வந்தவர்கள். ஆள் கடத்துபவர்கள் பாதி வழியில் விட்டுவிட, மீதியை நடந்தார்கள். சுடுமணல் பட்டுத் தகப்பனாரின் பாதம் கெட்டுப்போனது. அப்போது தாய் வயிற்றில் பிள்ளை. மெலில்லாவின் வேலியைத் தாண்டிப் பிடிபட்டு, கடைசியில் பில்பாவோவுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே உதவிய பாதிரியாரின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள். பிறகு தகப்பனார் பிழைப்புக்காகப் பல ஆண்டுகள் லண்டனில் இருந்தார். தாய் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை பார்த்தார். தம்பி நிக்கோவைக் கவனித்துக்கொண்டது அண்ணன் இனாக்கி. வாப்பா வளைகுடாவில் இருக்க, மூத்தவன் தம்பியைக் கைப்பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப்போன வீடுகள் நமக்குப் புதியவை அல்ல. 2022 உலகக் கோப்பையில் அண்ணன் கானாவுக்கும் தம்பி ஸ்பெயினுக்கும் ஆடினார்கள். 2024 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினின் முதல் கோல் நிக்கோவுடையது. மொராக்கோ பெற்றோருக்கு விட்டோரியா நகரில் பிறந்த மரோவான் சன்னாடி லெசாமாவில் வளர்ந்தவரே அல்ல. மூன்றாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தவரை 2025 தொடக்கத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

பணம் யாரிடமிருந்து யாருக்கு?

கோல்கீப்பர் கெபா சிறுவனாக லெசாமாவுக்கு வந்தவர். பாஸ்கோனியா, இரண்டாம் அணி என ஒவ்வொரு படியாக ஏறினார். 2018இல் இங்கிலாந்தின் செல்சி கிளப் அவருக்காகக் கொடுத்தது 8 கோடி யூரோ. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கணக்காகச் செலவழித்த கிளப்புக்கு அந்தச் செலவு திரும்பி வரும் வழி இதுதான். உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவின் விதியும் இதே திசையில் இருக்கிறது. ஒரு வீரர் விலை பேசப்பட்டு வேறு நாட்டுக் கிளப்புக்கு மாறினால், அந்த விலையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். முதன்முதலாகத் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போதும் வளர்த்த கிளப்புக்கு இழப்பீடு உண்டு. ஆக, திறமையுள்ள பிள்ளையை நோக்கிக் கிளப்பின் பணம் வர வேண்டும். ‘உங்கள் மகனுக்கு அபாரத் திறமை, வெளிநாட்டுத் தேர்வுக்கு இத்தனை லட்சம் கட்டுங்கள்’ என்று ஒருவர் சொன்னால், பணம் தலைகீழாக ஓடுகிறது என்று அர்த்தம்.

இன்னொரு விதியைப் பெற்றோர் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். 18 வயது ஆகாத வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்ற ஃபிஃபா பொதுவாக அனுமதிப்பதில்லை. கால்பந்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காகப் பெற்றோரே அந்த நாட்டில் குடியேறியிருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. இதை மீறியதற்காகப் பார்சிலோனாவே தண்டிக்கப்பட்டு, புதிய வீரர்களைச் சேர்க்கத் தடை வாங்கியது. எனவே 14 வயதுப் பையனுக்கு ஐரோப்பியக் கிளப்பில் இடம் வாங்கித் தருகிறேன் என்பவரிடம், எந்த விலக்கின்படி என்று கேளுங்கள். ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்பவரிடம் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

உள்ளூர் அகாடமிக்கும் சில கேள்விகள் உண்டு. எங்கள் பிள்ளை எந்த லீக்கில், ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் ஆடுவான்? மாநிலக் கால்பந்துச் சங்கத்தில் அவன் பெயர் பதிவாகுமா, எந்தக் கிளப்பின் பெயரில்? பதிவு இல்லையென்றால் மேலே சொன்ன எந்த விதியும் அவனுக்குப் பயன்படாது. பயிற்சியாளரின் சான்றிதழ் என்ன? பரீட்சை நேரத்தில் என்ன ஏற்பாடு? காலில் அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது? தங்கிப் படிக்கும் இடம் என்றால் இரவில் பொறுப்பு யார். நோன்பு மாதத்தில் பயிற்சி நேரத்தை மாற்றுவார்களா? மூன்று ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த பிள்ளைகள் இப்போது எங்கே? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெயரோடு விடை கிடைத்தால், அந்தப் பிள்ளைகளின் வீட்டாரிடமே போய்ப் பேசிப் பாருங்கள். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அதன் நகலை வாங்கி, விவரம் தெரிந்த ஒருவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் தர மறுத்தால் பணம் கட்ட வேண்டாம்.