பச்சிளங் குழந்தையின் வயிறு உப்பினால்

தாய்மார்களே! பிள்ளை பிறந்து வீறிட்டு அழும்போது காற்று நுரையீரலுக்கு மட்டும் போவதில்லை. கொஞ்சம் காற்றைக் குழந்தை விழுங்கியும் விடுகிறது. அது சில நிமிடங்களில் இரைப்பையை அடையும். சுமார் ஒரு நாளில் குடலின் கடைசி வரை போய்ச் சேரும். குடலுக்குள் காற்று இருப்பது இயல்பு. ஆனால் இரைப்பையிலோ குடலிலோ ஓட்டை விழுந்து, காற்று வெளியேறி வயிற்றறைக்குள் தேங்கினால் உயிருக்கே ஆபத்து. காற்றோடு பாலும் கிருமிகளும் அல்லவா கசிகின்றன!

குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழன்று, அதன் சுவர் அழுகுவது இதற்கு முக்கிய காரணம். அவர்கள் அநேகமாக மருத்துவமனையிலேயே இருப்பார்கள். வீட்டுக்கு வந்துவிட்ட நிறைமாதப் பிள்ளைக்கும் குடல் எங்காவது அடைபட்டு, அடைப்புக்கு மேலுள்ள பகுதி உப்பிக் கிழியலாம்.

சாதாரண வாயுவா, ஆபத்தா என்று எப்படி அறிவது? வாயுவால் அழும் பிள்ளை, தோளில் போட்டுத் தட்டினால் ஏப்பம் விட்டு மறுபடி பால் குடிக்கும்; வயிறு மெத்தென்று இருக்கும். ஆபத்தில் வயிறு மேளம் போல் விறைத்துப் பளபளக்கும். பிள்ளை பால் குடிக்காது, துவண்டு கிடக்கும், மூச்சு வாங்கும். மலத்தில் இரத்தம் தெரியலாம். வாந்தி பச்சையாக இருந்தால், வயிறு உப்பாவிட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஓமத்தண்ணீர், விளக்கெண்ணெய் எதுவும் புகட்ட வேண்டாம்; வயிற்றைத் தேய்க்கவும் வேண்டாம். பாட்டிமாரைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஓட்டை விழுந்த குடலில் எது போனாலும் அது வயிற்றறைக்குள்தான் கொட்டும். பிள்ளையைக் கதகதப்பாகச் சுற்றி, வாந்தி பட்ட துணியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அங்கே எக்ஸ்ரே எடுப்பார்கள். சில வேளை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தும் எடுப்பார்கள். கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி மேலே நிற்பதுபோல, வெளியேறிய காற்று மேலே வந்து கல்லீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையில் கறுப்பாகத் தெரியும். மூச்சுக் கருவியில் உள்ள சில குழந்தைகளுக்கு நெஞ்சிலிருந்தும் காற்று இறங்குவதுண்டு. அதற்கு வயிற்றைத் திறக்கத் தேவையில்லை.

ஓட்டைதான் என்றால் பாலை நிறுத்தி, வாய் அல்லது மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பைக் காற்றை இறக்குவார்கள். நரம்பில் நீரும் கிருமிக்கொல்லி மருந்தும் ஏற்றுவார்கள். பிறகு அறுவை: ஓட்டையைத் தைப்பார்கள், கெட்ட பகுதியை நீக்குவார்கள். சிலருக்குக் குடலின் முனையைச் சில வாரம் வயிற்றுக்கு வெளியே வைத்து, பின்னர் இணைப்பார்கள். மிகச் சிறிய குழந்தைக்கு முதலில் வயிற்றில் ஒரு வடிகுழாய் மட்டும் வைப்பதும் உண்டு.

பிள்ளையைப் பட்டினி போடுகிறார்களே என்று தாய் மனம் பதறும். நரம்பு வழியே சத்து போய்க்கொண்டிருக்கும். அந்த நாட்களில் தாய்ப்பாலைப் பீய்ச்சி வாருங்கள். இல்லாவிட்டால் சுரப்பு குறைந்துவிடும். குடல் தேறியதும் மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் பாலைத்தான்.