சமயவாதமும் அதன் பயனும்

சமயவாதம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலே முகஞ் சுளிப்பார் நம்மிடையே பலர். பக்திப் பாடல்கள் உள்ளத்தை உருக்குவன. நீதிநூல்கள் ஒழுக்கத்தைத் திருத்துவன. வாத நூல்களோ மண்டையைக் குடைவன என்பது அவர் கருத்து. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் மாணவரும் இதற்கு விலக்கல்லர். மணிமேகலை பயில்வோர் ஆதிரை பிச்சையிட்ட காதையில் நின்று மகிழ்வர். சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதை வந்ததும் ஏடுகளை விரைந்து புரட்டுவர். சிவஞான சித்தியாரை எடுத்தவரும் சுபக்கத்தோடு அமைந்து, பரபக்கத்தைப் பிறர்க்கென விட்டுவிடுவர். அங்ஙனம் விடப்படும் பகுதியிலேயே அரியதொரு பயன் உளதென்பது எமது கருத்தாகலின், அதனை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

சித்தியாரை இயற்றியவர் அருணந்தி சிவாசாரியார். மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் 12 சூத்திரப் பொருளை விரித்துரைப்பது இந்நூல். தங்கொள்கையை விரித்தல் ஒன்றே கருத்தாயின் சுபக்கமே போதியதாகும். ஆசிரியரோ அதற்குமுன் பரபக்கம் என ஒரு பகுதியை வைத்து, உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாக 14 மதத்தினரை நிரலே நிறுத்துகின்றார். அவருட் பௌத்தர் மாத்திரம் நால்வர்: சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர். மாற்றார் அனைவரையும் ஒரே கயிற்றாற் கட்டித் தள்ளிவிடாமல், அவர்தம் உள்வேறுபாட்டையும் அறிந்து தனித்தனியே இடமளித்தமை நோக்கற்பாலது. ஒவ்வொருவர்க்கும் முதலில் அவர் மதம் கூறப்படும்; மறுதலை அதன் பின்னரே வரும். நன்னூலாரும் நூலுக்குரிய எழுவகை மதங்களைக் கூறுமிடத்து, பிறர் கொள்கையை முன்னர் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதலை ஒன்றாக எண்ணியுள்ளார். ஏற்றுக்கொள்ளாததைக் களைதல் இயலாது என்னும் நுட்பம் இவ்விதியில் அமைந்துகிடக்கின்றது.

உலகாயதனை எடுத்துக்கொள்வோம். காட்சி ஒன்றே அளவை; நிலம், நீர், தீ, காற்று என்னும் பூதங்களின் கூட்டமே உடல்; அக்கூட்டத்திற் பிறப்பதே அறிவு; உடல் அழிய அதுவும் அழியும் என்பது அவன் கொள்கை. வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை. பாக்கோடு சேர்த்து மென்றவழி அவற்றில் இல்லாத செம்மை தோன்றுகின்றதன்றோ, அறிவும் அங்ஙனமே தோன்றும் என்பது உலகாயதர் காட்டும் உவமை. இதனைக் கேட்டு உடனே நகைப்பவன் அதனை உணர்ந்தவன் ஆகான். இன்றும் மூளையின் தொழிலே மனம் என்று கூறும் அறிஞர் உளர். அவர் வினாவின் வேர் இவ்வுவமையில் இருக்கின்றது. சமயவாதிகள் கூறும் விடையும் எளிதன்று. காட்சி ஒன்றே அளவை என்பானுக்கு, எதிரில் நிற்பவன் உள்ளத்துக் கருத்தை அறிதற்கும் அனுமானம் வேண்டும். கருத்து கண்ணுக்குப் புலனாகாதாகலின். வாதத்திற்கு வாய்திறந்த அப்பொழுதே அவன் தன் விதியைக் கடந்தவனாகின்றான். உலகாயதர்க்கு மூலமெனப்படும் பார்ஹஸ்பத்திய சூத்திரம் முழுதாகக் கிடைத்திலது. அவர் கூற்றுக்களிற் பெரும்பாலனவற்றை இன்று நாம் அறிவது அவரை மறுத்தார் வாயிலாகவே.

குண்டலகேசியின் வரலாறும் அத்தன்மையதே. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய அப்பௌத்த நூலிற் பெரும்பகுதி மறைந்தொழிந்தது. தனிச் செய்யுட்களாக எண்ணப்படுவன 19 மாத்திரமே. அதனை மறுக்க எழுந்த நீலகேசி என்னும் சமண நூல் நின்று நிலவுகின்றது. நீலகேசிக்கு வாமன முனிவர் வகுத்த சமயதிவாகரம் என்னும் உரை, தான் மறுக்கும் நூலின் செய்யுட் பகுதிகளை எடுத்தாண்டு செல்வதால், இறந்த குண்டலகேசியின் எலும்புகள் சில அங்கே கிடைக்கின்றன. 1936-இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் இவ்வுரையோடு நீலகேசியைப் பதிப்பித்தார். நண்பர் காவாத நூலைப் பகைவர் காத்த விந்தை இது!

இவ்வாத நூல்களிற் குற்றமே இல்லை என்பது எம் கருத்தன்று. ஏளனச் சொல் இடையிடையே வருகின்றது. எதிரி மிக எளிதில் வாயடைத்துப் போகின்றான். நீலகேசியில் தோற்றவர் அனைவரும் இத்துணை விரைவில் தோற்றிருப்பரா என ஐயுறாமல் அந்நூலைப் படித்தல் அரிது. ஆயினும் பரபக்கம் செய்தவர் வாதத்தில் தாமே தோல்வி கண்டவர் என்பது சைவமரபு கூறும் செய்தி. சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்ற முதியவராகிய அவர், இளைஞராகிய மெய்கண்டாரிடம் சென்று ஆணவமலத்தின் உருவம் யாதென வினவினாராம். மெய்கண்டார் மறுமொழி கூறாது, நின்ற அவரையே சுட்டிக்காட்டினாராம். வினவ வந்தவர் மாணாக்கராயினார். இக்கதையை அறிந்தபின் பரபக்கத்தைப் படித்தால், அது வென்றவன் முழக்கமாக மாத்திரம் எம் செவிக்குப் படுவதில்லை.

புறத்தாரோடு செய்யும் வாதத்தினும் கடியது ஒரே கூட்டத்தார் தம்முட் செய்யும் வாதம். 1313-இல் உமாபதி சிவம் இயற்றிய சங்கற்ப நிராகரணம் அவ்வகையைச் சார்ந்தது. சங்கற்பமாவது ஒருவன் கோட்பாடு. நிராகரணமாவது அதன் மறுப்பு. மாயாவாதியை ஐக்கியவாதி மறுக்க, அவனைப் பாடாணவாதி மறுக்க, இங்ஙனம் முன்னவனைப் பின்னவன் மறுத்துச் செல்வது நூலின் அமைப்பு. மாயாவாதி ஒழிந்த ஏனையோர் பெரும்பாலும் சிவனை வழிபடுவோரே. அவர் பூசல் எல்லாம் முத்தியில் உயிர் எந்நிலையில் இருக்கும் என்பதைப் பற்றியது. நீரோடு நீர் சேர்ந்தாற்போல ஒன்றாகிவிடும் என்பான் ஒருவன். ஆயின் இன்பத்தை நுகர்வார் யார்? உயிர் கல்லைப்போல உணர்வின்றிக் கிடக்கும் என்பான் மற்றொருவன். பாடாணம் என்பது கல். அக்கிடைக்கு வீடு என்ற பெயர் எற்றுக்கு? உயிரும் சிவனுக்குச் சமமாகும் என்பான் சிவசமவாதி. பின் வணங்குவார் யார், வணங்கப்படுவார் யார்?

இவ்வினாக்களுக்கிடையே நின்று உமாபதி சிவம் திருவருட்பயனில் ஆளும் உவமை, தமிழ் மாணவர்க்கே உரிய விருந்து எனலாம். தாள், தலை என்னும் இரு சொற்கள் புணர்ந்து 'தாடலை' ஆகின்றன. ளகரமும் தன்னுருவில் இல்லை, தகரமும் தன்னுருவில் இல்லை, டகரமாய் இயைந்தன. ஆயினும் தாளும் தலையும் ஒரே பொருள் என்பார் எவருமிலர். வேறு வேறென்று பிரித்துக் காட்டப் புகுந்தாலோ புணர்ச்சி அழிந்துபடும். தாள் இறைவனுடையது, தலை அடியவனுடையது என்பதையும் நினைக்க. இலக்கண வகுப்பில் உறக்கம் வருவிக்கும் புணர்ச்சி விதி ஒன்று, ஒன்றுமன்று இரண்டுமன்று என்னும் அத்துவித நிலைக்குச் சான்றாகிவிட்டது. ஐக்கியவாதியும் சிவசமவாதியும் எதிர்நின்று நெருக்கியிராவிடின் இத்துணைக் கூரிய உவமைக்கு வேண்டுதல் நேர்ந்திராது என எண்ணுகின்றோம்.

நெருங்கிய உறவினரின் வாதம் ஒரு சொல்லளவிற் சுருங்குதலும் உண்டு. 1785-இல் மறைந்த திருவாவடுதுறைச் சிவஞான முனிவர், சித்தியாருக்கு ஞானப்பிரகாசர் எழுதிய உரையிற் சிவசமவாதம் உண்டெனக் கண்டு அதற்கு மறுப்பு இயற்றினார். 'எடுத்து' என்னும் ஒரு சொல்லுக்குத் தாம் கொண்ட பொருளைக் காக்க அவர் எழுதிய கண்டன நூலின் பெயர் 'எடுத்தென்னுஞ் சொல்லுக்கிட்ட வைரக்குப்பாயம்'. ஒரு வினையெச்சத்திற்கு வைரச் சட்டை! நகைக்கத் தோன்றினும், கிறிஸ்தவராகிய யாம் நகைத்தற்கு உரியரல்லேம். 325-இல் நைசியாவிற் கூடிய சங்கம், குமாரன் பிதாவோடு ஒரே சாரமுடையவர் என அறுதியிட்டது. ஒத்த சாரமுடையவர் என்றால் அமையாதா என்ற பூசல் அதன்பின் பல்லாண்டு நிகழ்ந்தது. கிரேக்கமொழியில் அவ்விரு சொற்களுக்கும் வேறுபாடு ஓரெழுத்தே. கிப்பன் என்னும் வரலாற்றாசிரியர் அதனை எள்ளினார். எனினும், வழிபடப்படும் கிறிஸ்து உண்மைத் தெய்வமோ அன்றோ என்னும் வினா அவ்வோரெழுத்தின்மேல் நின்றது. அந்தப் பூசலை விளங்கிக்கொண்டவனுக்கு வைரக்குப்பாயம் அயலார் வீட்டுச் சண்டையாகத் தோன்றாது.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிற் பணிசெய்த அமெரிக்க மிஷனெரி ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854-இல் வெளியிட்டார். லைப்சிக் மிஷனைச் சார்ந்த ஷோமெருஸ் 1912-இல் சைவ சித்தாந்தத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் விரிந்த நூலொன்று எழுதினார். வேறொரு சமயத்தைப் பரப்ப வந்தவர்கள் இவர்கள். அயலார் மதத்தை அவர் நூல் கொண்டே, அவர் 'ஆம், இதுவே' என்று தலையசைக்கும் அளவிற்குக் கூறல் வேண்டும் என்னும் பரபக்க முறை, அறிந்தோ அறியாமலோ அவர்தம் உழைப்பிலும் காணப்படுகின்றது. நம் விவாத சங்கங்களில் எதிர்க்கட்சியின் கூற்றை அரைவாக்கியத்தில் முடித்துவிட்டு மறுப்புக்கு அரைமணி எடுத்துக்கொள்வோர் இதனைச் சிறிது நோக்கலாம்.

பரபக்கத்தைப் புதிதாகத் தொடுவார்க்கு யாம் கைக்கொண்ட ஒரு வழியைக் கூறுவோம். ஒரு மதத்தைக் கூறும் செய்யுட்கள் முடிந்ததும், மறுதலையைப் பாராது நூலை மூடிவிடுக. அம்மதத்தான் தம்முன் நிற்பதாகக் கொண்டு, தம் விடையைத் தாமே தேடுக. அதன் பின்னரே ஆசிரியர் விடையைத் திறக்க. உலகாயதனுக்கு ஒரு மாலைப்பொழுது போதியதாயிற்று. மாத்தியமிகனிடம் யாம் மூன்று மாலை நின்றோம். நூலை இன்னும் திறந்திலேம்.