ஆண்டுகள் ஆக ஆகச் சுவைக்கும் தேயிலை

தேயிலைத் தூள் நாள்பட்டால் மணம் குன்றும் என்பது நீங்கள் அறிந்ததே. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் வைத்திருந்து குடிக்கும் தேயிலையும் ஒன்று உண்டு! தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் விளையும் பூ-அர் தேயிலைதான் அது.

இதன் இலையை வாணலியில் வாட்டி, சுருட்டி, வெயிலில் உலர்த்துகிறார்கள். பின்னர் நீராவியில் இளக்கி, வட்ட வில்லைகளாக அழுத்துகிறார்கள். ஒரு வில்லையின் வழக்கமான எடை 357 கிராம்.

அதன் பிறகு என்ன நடக்கிறது? காற்றிலுள்ள ஆக்சிஜனும், பூஞ்சை, பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களும் மெல்ல மெல்ல வேலை செய்கின்றன. துவர்ப்புத் தரும் பாலிஃபினால்கள் வேறு பொருள்களாக மாறுகின்றன. சாறும் மஞ்சளிலிருந்து செம்பழுப்பாகிறது.

காத்திருக்க முடியாதவர்களுக்கென 1973-இல் குன்மிங் தேயிலை ஆலையில் ஒரு முறையை உருவாக்கினார்கள். இலையைக் குவித்து, நீர் தெளித்து, மூடிவைத்தால் சில வாரங்களிலேயே பக்குவமாகிவிடும். நுண்ணுயிர்களின் செயலால் குவியல் சூடேறும். ஆகவே அவ்வப்போது கிளறிவிட வேண்டும்.

வில்லையைக் காப்பதில்தான் கவனம் தேவை. காற்றில் ஈரம் மிகுந்தால் வேண்டாத பூஞ்சை பிடிக்கும். மிகக் குறைந்தால் மாற்றமே நடவாது. ஒப்பு ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம் இருப்பது நல்லது. வெயிலும் பிற வாசனைகளும் அண்டக்கூடாது. பூசணம் பூத்த வில்லையைப் ‘பழைய சரக்கு’ என்று எண்ணிக் குடிக்காதீர்கள்! சில பூஞ்சைகள் நச்சுப் பொருள்களை உண்டாக்கும்.

குடிக்கும்போது, முதலில் கொதிநீரால் இலையைக் கழுவி, அந்த நீரைக் கொட்டிவிடுவார்கள். பிறகு புதிதாகக் கொதிநீர் ஊற்றிச் சில வினாடிகளில் வடிப்பார்கள். ஒரே இலையில் பலமுறை தேநீர் கிடைக்கும்.

யுன்னானின் தலைநகரான குன்மிங் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே நீர் ஏறக்குறைய 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஏன்? சொல்லுங்கள் பார்ப்போம்!